சாச்சுரேஷன் 99, ஆனால் நோயாளி எழவில்லை

கேள்வி: பொது மருத்துவ வார்டில் செவிலியராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. இரவில் யாருக்காவது மூச்சு இரைத்தால் ஆக்ஸிஜன் வைத்து, நெபுலைசர் கொடுத்துவிட்டு டூட்டி டாக்டரை அழைப்போம். போன வாரம் 66 வயதுக்காரர் ஒருவர். நாற்பது வருடம் புகைத்தவர், சிஓபிடி (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) நோயாளி. சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் நிறைந்திருக்கும் சதவீதம்) 84 இருந்தது. மாஸ்க்கில் நிமிடத்துக்கு 10 லிட்டர் வைத்தேன், 99க்கு ஏறியது. இரைப்பு அடங்கித் தூங்கினார். விடியற்காலை எழுப்பினால் எழவில்லை. ரத்த வாயுப் பரிசோதனையில் கார்பன் டை ஆக்சைடு 88 (இயல்பு 35–45). பைபாப் (மாஸ்க் வழியே அழுத்தத்தில் காற்று தந்து மூச்சுக்கு உதவும் கருவி) போட்டதும் மீண்டுவிட்டார். ஆக்ஸிஜன் அதிகமானதுதான் காரணம் என்றார் டாக்டர். ஆக்ஸிஜன் எப்படிக் கெடுதல் செய்யும்? மூச்சுத்திணறலில் எது ஆஸ்துமா, எது நிமோனியா, எது இதயக் கோளாறு என்று டாக்டர் வருவதற்குள் நாங்கள் எப்படிக் கண்டுகொள்வது?

பதில்: முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். 84இல் இருந்தவருக்கு நீங்கள் ஆக்ஸிஜன் வைத்தது சரி. வைக்காமல் டாக்டருக்காகக் காத்திருந்தால் அதுதான் பெரிய தவறாகியிருக்கும். பிசகியது அதற்குப் பிறகு. 92ஐத் தாண்டியதும் குறைத்திருக்க வேண்டும், குறைக்கவில்லை. தூக்கத்தை நலத்தின் அறிகுறியாக எடுத்துக்கொண்டீர்கள். இரண்டுமே வார்டுகளில் அன்றாடம் நடப்பவை. ஆக்ஸிஜனை மருந்துச் சீட்டில் எழுதும் வழக்கம் இல்லாத இடத்தில், எங்கே நிறுத்துவது என்று செவிலியருக்கு யார் சொல்வார்கள்? குறை உங்களுடையது மட்டும் இல்லை.

ஆக்ஸிஜன் எப்படிக் கெடுதல் செய்யும் என்று கேட்டால், "இவர்களுக்கு மூச்சைத் தூண்டுவதே ஆக்ஸிஜன் குறைவுதான், அதை நிரப்பிவிட்டால் மூச்சு விட மறந்துவிடுவார்கள்" என்று பலர் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. பெரும்பங்கு வேறு இடத்தில் இருக்கிறது. சிஓபிடி நுரையீரலில் சில பகுதிகளுக்குக் காற்று சரியாகப் போகாது. அந்தப் பகுதிகளின் ரத்தக்குழாய்கள் தாமாகவே சுருங்கி, ரத்தத்தை நல்ல காற்றோட்டம் உள்ள பக்கம் திருப்பிவிடும். தாராளமாக ஆக்ஸிஜன் போனால் அந்தக் குழாய்கள் மறுபடி விரிகின்றன. காற்றே வராத இடத்துக்கு ரத்தம் போய், கார்பன் டை ஆக்சைடை இறக்கி வைக்க முடியாமல் அப்படியே திரும்புகிறது. போதாக்குறைக்கு, ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனால் நிரம்பும்போது அது பிடித்து வைத்திருந்த கார்பன் டை ஆக்சைடை ரத்தத்தில் விட்டுவிடும். இதற்கு ஹால்டேன் விளைவு என்று பெயர். சாதாரண நுரையீரல் என்றால் இன்னும் வேகமாக மூச்சுவிட்டு அதை வெளியேற்றிவிடும். இவருக்கு அந்தத் திராணி இல்லை.

விரல் மீட்டர் இதில் எதையும் காட்டாது. அது அளப்பது ஆக்ஸிஜனை மட்டும். உங்கள் நோயாளியின் கார்பன் டை ஆக்சைடு இரவெல்லாம் ஏறிக்கொண்டிருந்தபோதும் திரையில் 99தான் இருந்திருக்கும். ஏறுவதை உடம்புதான் காட்டும்: கை வெதுவெதுப்பாக இருக்கும், நாடி துள்ளும், கையை நீட்டி மணிக்கட்டை மேலே மடக்கச் சொன்னால் படபடவென்று விழுந்து விழுந்து எழும், தலைவலி என்பார், பேச்சு குழறும், கடைசியில் தூங்குவார். இரைத்துக்கொண்டிருந்த சிஓபிடி நோயாளி திடீரென்று அமைதியாகத் தூங்கினால் எழுப்பிப் பாருங்கள்.

இதன் பாதிப்பு எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்சில் ஏற்றப்பட்ட, சிஓபிடி என்று கருதப்பட்ட 405 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு வழக்கம்போல் அதிக ஆக்ஸிஜன். மற்றதற்கு 88 முதல் 92 வரை மட்டும். முதல் பிரிவில் 9 சதவீதம் பேர் இறந்தார்கள், இரண்டாவதில் 4 சதவீதம். நெபுலைசர், ஸ்டீராய்டு போன்ற மற்ற சிகிச்சை இரு பிரிவுக்கும் ஒரே மாதிரிதான்.

ஆகவே சிஓபிடி நோயாளிக்கும், கார்பன் டை ஆக்சைடு தேங்கக்கூடிய மற்றவர்களுக்கும் (மிகுந்த உடல் பருமன், முதுகெலும்புக் கோணல், நரம்புத் தசை நோய்) இலக்கு 88 முதல் 92. மற்றப் பெரியவர்களுக்கு 94 முதல் 98. இவர்களுக்கும் 100ஐத் துரத்த வேண்டியதில்லை.

கருவிகளைப் பார்ப்போம். மூக்குக் குழாயில் 1 அல்லது 2 லிட்டரில் தொடங்கினாலே பல சிஓபிடி நோயாளிகளுக்குப் போதும். ஆனால் அதில் உள்ளே போகும் ஆக்ஸிஜனின் செறிவு மூச்சின் வேகத்தைப் பொறுத்து மாறும். துல்லியம் வேண்டுமென்றால் வென்சுரி மாஸ்க் (மாற்றக்கூடிய முனை மூலம் குறித்த செறிவில் ஆக்ஸிஜன் தருவது). 24 சதவீத முனைக்கு 2 லிட்டர், 28க்கு 4, 35க்கு 8, 40க்கு 10, 60க்கு 15 என்பது வழக்கமான அளவு. நீலம் 24, வெள்ளை 28 என்று நிறத்தை மட்டும் நம்பாமல் முனையில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். அந்த முனையின் பக்கவாட்டுத் துளைகள் வழியாகத்தான் வெளிக்காற்று கலக்கிறது. போர்வை மூடிவிட்டால் செறிவு தாறுமாறாகும். மூச்சு நிமிடத்துக்கு 30ஐத் தாண்டினால் அதே முனையில் லிட்டரைப் பாதி கூட்டலாம். செறிவு மாறாது, மொத்தக் காற்று மட்டும் கூடும். சாதாரண முகமாஸ்க்கை 5 லிட்டருக்குக் கீழே வைக்கவே கூடாது, வெளிவிட்ட காற்றையே நோயாளி திரும்ப இழுப்பார். "சிஓபிடி ஆச்சே" என்று முகமாஸ்க்கில் 2 லிட்டர் வைப்பது நல்ல எண்ணத்தில் செய்யும் கெடுதல். பை வைத்த மாஸ்க்குக்கு 10 முதல் 15 லிட்டர்; மாட்டுவதற்கு முன் பை உப்பியிருக்க வேண்டும்.

ஒரு விதிவிலக்கு. நோயாளி அதிர்ச்சி நிலையிலோ, இதயம் நின்றோ, உயிருக்கு ஆபத்தான நிலையிலோ இருந்தால் சிஓபிடியானாலும் முதலில் 15 லிட்டர்தான். நிலைப்பட்டதும் குறைக்கலாம்.

அதிகம் கொடுத்துவிட்டோம் என்று தெரிந்தால் பதறிப்போய் மாஸ்க்கைக் கழற்றி எறியாதீர்கள். தேங்கிய கார்பன் டை ஆக்சைடு காற்றறைகளில் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆக்ஸிஜனைச் சட்டென நிறுத்தினால் சாச்சுரேஷன் தொடக்கத்தில் இருந்ததைவிடக் கீழே விழும். 35 அல்லது 28 சதவீத வென்சுரிக்கு மாற்றி, 88–92க்குக் கொண்டுவந்து, ரத்த வாயுவுக்குச் சொல்லுங்கள்.

நெபுலைசரில் ஒரு பொறி இருக்கிறது. சுவர் ஆக்ஸிஜனில் 6 முதல் 8 லிட்டரில் ஓட்டினால் அதுவே அதிக ஆக்ஸிஜன். இவர்களுக்குக் காற்று கம்ப்ரசரில் ஓட்டி, தேவையான 1–2 லிட்டரை மூக்குக் குழாயில் தனியாகக் கொடுங்கள். கம்ப்ரசர் இல்லையென்றால் ஆக்ஸிஜனில் 6 நிமிடத்தோடு நிறுத்திவிடுங்கள், பெரும்பகுதி மருந்து அதற்குள் போய்விடும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துகளின் வழக்கமான அளவு சால்புட்டமால் 2.5 முதல் 5 மி.கி., இப்ராட்ரோப்பியம் 500 மைக்ரோகிராம். கண் அழுத்த நோய் இருப்பவருக்கு மாஸ்க் வழியே இப்ராட்ரோப்பியம் கண்ணில் படாமல், வாயில் வைக்கும் முனையைப் பயன்படுத்த வேண்டும். இவற்றுடன் ஸ்டீராய்டான பிரெட்னிசோலோன் தினமும் 40 மி.கி. 5 நாள். முன்பெல்லாம் இரண்டு வாரம் கொடுத்தார்கள். 5 நாளே போதும் என்று 2013இல் வந்த ஆய்வு காட்டிவிட்டது. ஆன்டிபயாடிக் எல்லாருக்கும் தேவையில்லை. சளி கூடி, நிறம் மஞ்சள் பச்சையாக மாறியிருந்தால் வேண்டும். அதனால் சளியின் நிறத்தைப் பார்த்துக் குறித்து வைப்பது வெறும் சடங்கில்லை.

ரத்த வாயு அறிக்கை வந்தால் கார்பன் டை ஆக்சைடு எண்ணுக்கு முன் பிஎச் (ரத்தத்தின் அமிலநிலை; எண் குறைந்தால் அமிலம் கூடுதல்) எவ்வளவு என்று பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு 60 இருந்து பிஎச் 7.38 என்றால் அவருக்கு அது பழகிய நிலை. சிறுநீரகம் பைகார்பனேட்டைச் சேர்த்துச் சமன் செய்திருக்கிறது. அதே 60க்கு பிஎச் 7.25 என்றால் இப்போதுதான் ஏறுகிறது என்று பொருள். தகுந்த ஆக்ஸிஜனும் மருந்தும் கொடுத்த பிறகும் பிஎச் 7.35க்குக் கீழே, கார்பன் டை ஆக்சைடு 45க்கு மேலே நின்றால் பைபாப் தேவை. மாதிரி எடுக்கும்போது எந்தக் கருவியில் எத்தனை லிட்டர் என்று சீட்டில் எழுதுங்கள். இல்லையென்றால் அறிக்கையைப் படிக்கவே முடியாது. சிரிஞ்சில் காற்றுக்குமிழி இருந்தால் உடனே வெளியேற்றிவிட்டு, அரை மணிக்குள் இயந்திரத்தில் ஓட்ட வேண்டும். பைபாப் தொடங்கி ஒரு மணி நேரத்தில் மறு பரிசோதனை. அதில் முன்னேற்றம் இல்லையென்றால் முதலில் மாஸ்க் கசிகிறதா என்று பாருங்கள், அநேகமாகக் கோளாறு அங்கேதான் இருக்கும். வாந்தி எடுப்பவருக்கும், வடிகுழாய் போடாத நியூமோதோராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்த நிலை) உள்ளவருக்கும் பைபாப் ஆபத்து.

இனி இரண்டாவது கேள்வி. டாக்டர் வருவதற்குள் நீங்கள் நோயைத் தீர்மானிக்க வேண்டியதில்லை. ஆனால் ஐந்து நிமிடத்தில் நீங்கள் திரட்டும் விவரம்தான் அவரைச் சரியான திசையில் திருப்பும்.

மூச்சை எண்ணுங்கள், முழு நிமிடம். எந்த வார்டு சார்ட்டைப் புரட்டினாலும் எல்லாருக்கும் 20 என்றே எழுதியிருக்கும். உண்மையில் எண்ணியவர் சிலரே. 25ஐத் தொட்டாலே அபாயம். ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா, இரண்டு சொல்லில் நிறுத்துகிறாரா? படுக்க முடிகிறதா? கழுத்து நரம்பு புடைத்திருக்கிறதா? ஒரு காலில் மட்டும் வீக்கமா? பிறகு ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்து இரு பக்கமும் ஒப்பிட்டுக் கேளுங்கள்.

வீசிங் கேட்டவுடன் ஆஸ்துமா என்று முடிவு கட்டுவதில்தான் வார்டுகள் அதிகம் வழுக்குகின்றன. நுரையீரலில் நீர் கோத்தாலும் விசில் சத்தம் வரும். இதய ஆஸ்துமா என்ற பழைய பெயரே அதனால் வந்ததுதான். நடு இரவில் மூச்சுமுட்டி எழுந்து உட்கார்ந்தார், படுத்தால் திணறுகிறார், இரு பக்க அடிப்பகுதியிலும் நெறுநெறு சத்தம், நுரைத்த சளி, ரத்த அழுத்தம் ஏகத்துக்கு ஏறியிருக்கிறது என்றால் இதயத்தைச் சந்தேகியுங்கள். உடனே பார்க்க வேண்டியது திரவக் கணக்கு. இரண்டு நாளாக டிரிப் எவ்வளவு ஏறியது, சிறுநீர் எவ்வளவு போனது? 3 லிட்டர் ஏறி 800 மில்லி இறங்கியிருந்தால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். டிரிப்பின் வேகத்தைக் குறைத்துவிட்டு, காலைத் தொங்கவிட்டு நிமிர்ந்து உட்கார வையுங்கள். இதற்கு மருந்து, சிறுநீரைப் பெருக்கும் ஃப்ரூசமைடு நரம்பில், பெரும்பாலும் 40 மி.கி.யில் தொடக்கம், மேல் அழுத்தம் 110க்கு மேல் இருந்தால் ரத்தக்குழாயை விரிக்கும் நைட்ரேட், தேவைப்பட்டால் சிபாப் (மாஸ்க் வழியே ஒரே சீரான அழுத்தத்தில் காற்று தரும் கருவி). இவருக்கு நெபுலைசரை மாற்றி மாற்றிக் கொடுத்தால் இதயம் இன்னும் வேகமாக ஓடும், நீர் அப்படியே இருக்கும். குழப்பமாக இருந்தால் ரத்தத்தில் என்டி புரோபிஎன்பி (இதயம் திணறும்போது கூடும் பொருள்) பார்ப்பார்கள். 300க்குக் கீழே இருந்தால் இதயச் செயலிழப்புக்கு வாய்ப்பு மிகக் குறைவு.

உண்மையான ஆஸ்துமாவில் பயப்பட வேண்டியது சத்தத்துக்கு அல்ல, சத்தம் அடங்குவதற்கு. காற்றே போகாத நெஞ்சில் விசில் கேட்காது. கடும் தாக்குதலில் வேகமாக மூச்சு வாங்குவதால் கார்பன் டை ஆக்சைடு குறைந்திருக்க வேண்டும். அது 35–45க்குள் இயல்பாக இருந்தால் நோயாளி களைத்துக்கொண்டிருக்கிறார், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குச் சொல்லும் நேரம் அது. பதறுகிறார் என்று தூக்க ஊசி போடவே கூடாது. சிஓபிடியில் சொன்ன தயக்கம் இங்கே தேவையில்லை: இலக்கு 94–98, நெபுலைசரை ஆக்ஸிஜனிலேயே ஓட்டலாம். ஸ்டீராய்டு முதல் மணிக்குள் போக வேண்டும், வேலை செய்ய அதற்குச் சில மணி நேரம் ஆகும். அடங்காவிட்டால் மக்னீசியம் சல்ஃபேட் 2 கிராம், 20 நிமிடத்தில் நரம்பு வழியாக. திரும்பத் திரும்ப சால்புட்டமால் கொடுத்தால் பொட்டாசியம் இறங்கும். ரத்தம் அனுப்பிப் பாருங்கள்.

நிமோனியா இளையவருக்குக் காய்ச்சல், இருமல், நெஞ்சுவலி என்று முறைப்படி வரும். முதியவருக்கு வெறும் குழப்பமாக, சாப்பிட மறுப்பதாக, படுக்கையிலிருந்து விழுவதாக வரலாம், காய்ச்சல் இல்லாமலும் இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் நெறுநெறுப்பு, மூச்சு 30, புதிய குழப்பம், அழுத்தம் 90க்குக் கீழே, வயது 65க்கு மேல், யூரியா கூடுதல் என்று எத்தனை சேர்கிறதோ அத்தனை ஆபத்து. எக்ஸ்ரே ஓரிரு நாள் பின்தங்கலாம். ரத்தக் கல்ச்சரை ஆன்டிபயாடிக்குக்கு முன் எடுங்கள். ஆனால் கல்ச்சர் பாட்டில் இல்லை என்று முதல் டோஸை மணிக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். அனுமதித்து 48 மணி நேரத்துக்குப் பிறகு வந்தால் அது மருத்துவமனை நிமோனியா. கிருமிகள் வேறு, மருந்தும் வேறு. அதைத் தடுப்பதில் உங்கள் கைக்குத்தான் மருந்தைவிட வேலை அதிகம்: தலைமாட்டை 30 டிகிரிக்குக் குறையாமல் உயர்த்துவது, தினமும் பல் துலக்கி வாயைச் சுத்தம் செய்வது, பக்கவாத நோயாளிக்கு விழுங்கும் திறன் பார்க்காமல் வாய்வழி ஒன்றும் கொடுக்காதது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், எடைக் குறைவு, இரவு வியர்வை என்றால் காசநோயை நினைத்து நோயாளிக்கு மாஸ்க் போட்டு, தனியிடம் மாற்றி, சளி மாதிரி அனுப்புங்கள். லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் காசநோயையும் கொஞ்ச காலம் அமுக்கி வைத்து நோயறிதலைத் தாமதப்படுத்தும் என்பதால், சந்தேகம் இருக்கும்போது அவற்றைத் தவிர்ப்பார்கள்.

நெஞ்சு சுத்தமாகக் கேட்கிறது, ஆனாலும் மூச்சு இரைக்கிறது. இதுதான் என்னைக் கேட்டால் மிக முக்கியமான கண்டுபிடிப்பு. சாச்சுரேஷனும் குறைந்திருந்து, நாடி 100க்கு மேல், சமீபத்தில் அறுவை சிகிச்சை அல்லது மூன்று நாளாகப் படுக்கை என்றால் நுரையீரல் ரத்தக்கட்டி. படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு டி-டைமர் (ரத்தக்கட்டி கரையும்போது ரத்தத்தில் கூடும் பொருள்) எதற்கெடுத்தாலும் கூடியிருக்கும். சந்தேகம் வலுவாக இருந்தால் நேரே சிடி ஆஞ்சியோதான். ரத்தக்கசிவு அபாயம் இல்லையென்றால், ஸ்கேனுக்குக் காத்திருக்கும்போதே ரத்தம் உறைவதைத் தடுக்கும் எனோக்சாபரின் தொடங்குவார்கள். கிலோவுக்கு 1 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, சிறுநீரகம் பழுதென்றால் குறைத்து. சாச்சுரேஷன் 99 இருந்தும் ஆழமாக, வேகமாக இரைத்தால் சர்க்கரையையும் கீட்டோனையும் பாருங்கள். ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கிறது, நுரையீரலில் குறையில்லை.

ஒரு பக்கம் சத்தமே இல்லை, தட்டினால் வெற்றுப் பானைபோல் ஒலிக்கிறது என்றால் நியூமோதோராக்ஸ். கழுத்தில் சென்ட்ரல் லைன் போட்ட அன்றும், பைபாப்பில் இருப்பவர் திடீரென மோசமானாலும் இதை நினையுங்கள். அழுத்தமும் விழுந்தால் எக்ஸ்ரேக்கு அனுப்ப நேரமில்லை. ஊசி குத்திக் காற்றை இறக்க டாக்டரை ஓடி வரச் சொல்லுங்கள். தட்டினால் மந்தமாகக் கல்போல் ஒலித்தால் நீர் கோத்திருக்கிறது; வடிக்கும்போது ஒரே தடவையில் ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுப்பதில்லை.

அறுவை சிகிச்சைக்கு மறுநாள் சாச்சுரேஷன் 91 என்றால் பெரும்பாலும் வலிக்குப் பயந்து மூச்சை அடக்கியதால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கியிருக்கும். வலி மருந்தைக் கொடுத்து, உட்கார வைத்து, விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து முறை ஆழ மூச்சு எடுக்க வையுங்கள். ஆனால் அந்த வலி மருந்து மார்ஃபின் என்றால் மூச்சை எண்ணாமல் விடாதீர்கள். மூச்சு நிமிடத்துக்கு 8, கண்மணி ஊசிமுனை அளவு, மூக்கில் 4 லிட்டர், திரையில் 97. உங்கள் சிஓபிடி நோயாளியிடம் நடந்த அதே கதைதான் இங்கேயும்: ஆக்ஸிஜன் திரையைப் பச்சையாக வைத்திருக்கிறது, கார்பன் டை ஆக்சைடு அடியில் ஏறுகிறது. மார்ஃபினை முறிக்கும் நலாக்சோனைச் சிறு சிறு அளவாகக் கொடுத்து மூச்சைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

விரல் மீட்டரைப் பற்றி இன்னொன்று. அலைவடிவம் ஒழுங்காக வராத எண்ணை எழுதாதீர்கள். குளிர்ந்த விரல், நகச்சாயம், தாழ்ந்த ரத்த அழுத்தம் எல்லாம் ஏமாற்றும். கருநிறத் தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பதும் தெரிந்த குறை. 92 என்று காட்டினாலும் நோயாளி மோசமாகத் தெரிந்தால் நோயாளியை நம்பி ரத்த வாயு கேளுங்கள்.

போனில் "சார், பதினேழாம் பெட் மூச்சு இரைக்குது" என்றால் மறுமுனையிலிருந்து "நெபுலைசர் போடுங்க" என்றுதான் பதில் வரும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "66 வயது, சிஓபிடி. அரை மணியாக இரைப்பு. மூச்சு 32, நாடி 118, அழுத்தம் 150க்கு 90. வெளிக்காற்றில் 84, இப்போது 28 சதவீத வென்சுரியில் 90. இரு பக்கமும் வீசிங், கால் வீக்கம் இல்லை, சளி பச்சை. விழித்திருக்கிறார், இரண்டு சொல்தான் பேச முடிகிறது. ரத்த வாயு எடுக்க வேண்டும், வாருங்கள்." அரை நிமிடம்கூட ஆகாது.

அந்த 66 வயதுக்காரர் இன்னும் வார்டில் இருந்தால் அவர் சார்ட்டின் முதல் பக்கத்தில் "இலக்கு 88–92" என்று டாக்டரைக் கொண்டு எழுத வையுங்கள். நியூஸ் 2 (நோயாளி மோசமாவதை முன்கூட்டியே காட்டும்) மதிப்பெண் அட்டை பயன்படுத்தும் வார்டு என்றால் அதில் சாச்சுரேஷனுக்கு இரண்டு அளவுகோல் இருக்கும், இவருக்கு இரண்டாவது. முதலாவதில் போட்டால் 90க்கெல்லாம் அபாய மதிப்பெண் விழுந்து, அடுத்த ஷிப்டில் யாராவது லிட்டரைக் கூட்டிவிடுவார்கள். வீட்டுக்குப் போகும்போது அதே வரியை டிஸ்சார்ஜ் சீட்டிலும், அவர் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள ஒரு சிறு அட்டையிலும் எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை அவருக்கு மூச்சு முட்டும்போது முதலில் வரப்போவது ஆம்புலன்ஸ். அதில் இருப்பவருக்கு இவருடைய கார்பன் டை ஆக்சைடு ஒரு முறை 88ஐத் தொட்டது தெரியாது.